அயர்லாந்தின் நடுநிலையும் ஐரோப்பாவின் பொதுப் பாதுகாப்பும்

கேள்வி: அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடாக இருந்துகொண்டே தன்னை நடுநிலை நாடு என்று எப்படிச் சொல்லிக்கொள்கிறது? ஒன்றியத்தின் பொதுப் பாதுகாப்புக் கொள்கையில் அது சேர்ந்திருக்கிறதா, இல்லையா?

பதில்: சேர்ந்திருக்கிறது, ஆனால் எதுவரை என்பதை அந்நாட்டு மக்களே வாக்களித்து வரையறுத்திருக்கிறார்கள். எந்த ராணுவக் கூட்டணியிலும் சேர்வதில்லை என்பதுதான் அயர்லாந்து சொல்லும் நடுநிலை. 1949இல் நேட்டோ உருவானபோது, வட அயர்லாந்தின் ஆறு மாவட்டங்கள் பிரிட்டன் வசம் இருக்கும் நிலையில் அக்கூட்டணியில் சேர இயலாது என்று டப்ளின் அரசு மறுத்தது. நாட்டுப் பிரிவினையை முன்னிட்டு எடுத்த அந்த முடிவு, பின்னாளில் மக்களின் ஆழ்ந்த பற்றாகவே மாறிவிட்டது.

அதன் வலிமையை ஐரோப்பா இருமுறை உணர்ந்தது. ஒன்றியத்தின் அமைப்பு விதிகளைத் திருத்தும் நீஸ் உடன்படிக்கையை 2001இலும் லிஸ்பன் உடன்படிக்கையை 2008இலும் அயர்லாந்து மக்கள் பொதுவாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். தங்கள் பிள்ளைகள் ஐரோப்பியப் படை ஒன்றில் சேர்க்கப்பட்டுவிடுவார்களோ என்ற அச்சம் இரண்டு முறையும் பேசப்பட்ட காரணங்களுள் ஒன்று. நடுநிலைக்குப் பாதிப்பு வராது என்ற உறுதிமொழிகள் கிடைத்த பிறகே 2002இலும் 2009இலும் அவ்வுடன்படிக்கைகள் ஏற்கப்பட்டன. நடுநிலை என்ற சொல் அந்நாட்டு அரசியல் சாசனத்தில் இல்லை. ஆனால் அயர்லாந்தையும் உள்ளடக்கிய ஐரோப்பியப் பொதுத் தற்காப்பை அரசு ஏற்கக் கூடாது என்ற தடை அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. மக்கள் மீண்டும் வாக்களிக்காமல் அந்தத் தடையை எந்த அரசும் நீக்க முடியாது.

கேள்வி: அப்படியானால் அயர்லாந்து வீரர்கள் வெளிநாடுகளுக்குச் செல்வது எந்த அடிப்படையில்?

பதில்: 12 பேருக்கு மேற்பட்ட ஆயுதம் தாங்கிய வீரர்களை அனுப்ப வேண்டுமானால், ஐ.நா.வின் அங்கீகாரம், அமைச்சரவையின் முடிவு, நாடாளுமன்றக் கீழவையின் ஒப்புதல் ஆகிய மூன்றும் வேண்டும். இதனை அங்கே ‘மூன்று பூட்டு’ என்கிறார்கள். இத்தனை கட்டுப்பாடு இருந்தும் அந்நாடு ஒதுங்கி நிற்கவில்லை. 1978 முதல் லெபனானில் ஐ.நா. அமைதிப் படையில் பணியாற்றியிருக்கிறது. 2008இல் சாட் நாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அனுப்பிய படைக்கு 400க்கும் மேற்பட்ட வீரர்களைக் கொடுத்ததோடு, அந்நடவடிக்கையின் தலைமைப் பொறுப்பையும் பேட் நாஷ் என்ற ஐரிஷ் தளபதியே வகித்தார்.

இடர்ப்பாடு முதல் பூட்டான ஐ.நா. அங்கீகாரத்தில்தான் இருக்கிறது. 1999இல் மாசிடோனியாவில் இருந்த ஐ.நா. படையை நீட்டிக்கும் தீர்மானத்தைச் சீனா, பாதுகாப்பு அவையின் நிரந்தர உறுப்பு நாடுகளுக்கு உள்ள வீட்டோ என்னும் தடுப்பு அதிகாரத்தால் தடுத்தது. மாசிடோனியா தைவானை அங்கீகரித்திருந்ததே அதற்குக் காரணம் என்று பரவலாகக் கருதப்பட்டது. 2003இல் அதே மாசிடோனியாவுக்கு, அந்நாட்டு அரசின் அழைப்பின் பேரிலேயே ஐரோப்பிய ஒன்றியம் தன் முதல் ராணுவப் பணியைத் தொடங்கியபோது, தேவையான ஐ.நா. அங்கீகாரம் இல்லாததால் அயர்லாந்து அதில் சேர முடியவில்லை.

கேள்வி: ஐ.நா. நிபந்தனையை நீக்குவது நடுநிலையைக் கைவிடுவதாகாதா?

பதில்: அந்த நிபந்தனையை விலக்கி, வீரர் வரம்பை 50 ஆக உயர்த்தும் சட்ட முன்மொழிவுக்கு அயர்லாந்து அமைச்சரவை 2025இல் ஒப்புதல் அளித்தது. எதிர்ப்பவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். ஒரு சிறு நாட்டுக்கு ஐ.நா.வின் முத்திரை வெறும் சடங்கு அன்று, பெரிய நாடுகளின் போர்களுக்குள் இழுக்கப்படாமல் காக்கும் கவசம். ஆயினும் தன் வீரர்கள் எங்கே செல்லலாம் என்பதை மாஸ்கோவும் பெய்ஜிங்கும் வாஷிங்டனும் தடுக்கக்கூடிய நிலையை இறையாண்மை என்று என்னால் சொல்ல முடியவில்லை. கூட்டணியில் சேராதிருக்கும் உரிமையைக் காப்பது அரசியல் சாசனத் தடைதான். அது அப்படியே நீடிக்கிறது. உண்மையில் நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. அட்லாண்டிக் கடலடிக் கேபிள்கள் பல கடந்து செல்லும் கடற்பரப்பின் ஓரத்தில் இருக்கும் அந்நாட்டிடம் ஜெட் போர் விமானம் ஒன்றுகூட இல்லை. கடற்படையிலோ கப்பல்களை இயக்கவே ஆட்கள் போதவில்லை. தன் வானையும் கடலையும் தானே கண்காணிக்கப் பணம் ஒதுக்குவதற்கு எந்தப் பூட்டும் தடையாக இல்லை.