அந்த அறையில் சிரிப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் கணவர் 32 வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். வயிற்றில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீல்சேரில் வைத்துக் கழிப்பறைக்குத் தள்ளிப்போனால் ‘ரைட், ரைட்’ என்பார். பார்க்க வருகிறவர்கள் வாசலில் தயங்கினால், ‘படியில நிக்காதீங்க, உள்ள வாங்க’ என்பார். நான் சிரித்துவிடுவேன். போன வாரம் நாத்தனார், ‘வீடு இருக்கிற நிலைமையில உங்களுக்குச் சிரிப்பு எங்கேருந்து வருது அண்ணி?’ என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து சிரிக்கவே பயமாக இருக்கிறது. நான் செய்வது தப்பா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள அம்மா,

தப்பே இல்லை.

என் மனைவியும் இந்த நோயில்தான் போனாள். கடைசி மூன்று மாதம் படுக்கை. படுக்கைப்புண் வரக்கூடாது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பேன். கொஞ்சம் தாமதமானால், ‘இந்தப் பக்கம் வெந்துடுச்சு, திருப்பிப் போடுங்க’ என்பாள். காலமெல்லாம் எங்களுக்குத் தோசை சுட்டுப் போட்டவள். அதைச் சொல்லும்போது அவள் நோயாளி இல்லை. அடுப்படியில் நின்று என்னை ஏவுகிற அதே ஆள். உங்கள் கணவரும் அப்படித்தான். வேட்டி மாற்றக்கூட அடுத்தவர் கை வேண்டியிருக்கிறது, ஆனால் ‘ரைட்’ கொடுப்பது இன்னும் அவர்தான். நீங்கள் சிரிக்காமல் நின்றால் அந்த வண்டியில் அவர் தனியாகிவிடுவார்.

ஆனால் கேலியைத் தொடங்குவது அவராக இருக்கட்டும். ஒருநாள் நானாகவே அந்தத் தோசைப் பேச்சை எடுத்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இடுப்பில் வலி பிடுங்கியிருக்கிறது, நான் கேட்கவே இல்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அதனால் வலியை முதலில் கவனியுங்கள். மார்ஃபின் மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதிக் கொடுத்திருந்தால், வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1967இல் லண்டனில் செயிண்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை, அதாவது கடைசிக்கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தை, தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: வலி தலைதூக்கும் முன்பே மருந்து. மார்ஃபினால் மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேட்டு வாங்குங்கள். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இப்படிப்பட்ட நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

அப்புறம், நாத்தனார் மேல் வருத்தம் வேண்டாம். அவருக்கும் அண்ணன் அல்லவா! வெளியே நின்றவர் காதில் உங்கள் சிரிப்பு மட்டும்தான் விழுந்திருக்கும், உங்கள் கணவர் சொன்னது விழுந்திருக்காது. ஒருநாள் உள்ளே கூப்பிட்டுக் கட்டில் ஓரமாக உட்கார வையுங்கள். டிக்கெட் எடுத்தாச்சா என்று தங்கையையும் அவர் கேட்காமல் விடமாட்டார்.