கையெழுத்துப் போட்ட பிறகு கான்ஃபரன்ஸை விட்டு விலக முடியுமா? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு ஒப்பந்தங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஒப்பந்தம் இருந்தும் பல்கலைக்கழகங்கள் கான்ஃபரன்ஸ் (தமக்குள் ஆடும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு) மாறிக்கொண்டே இருக்கின்றன. "போகக்கூடாது" என்று நீதிமன்றம் தடுக்காதா?

பதில்: தடுக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விருப்பமில்லாதவரை உறுப்பினராக நீடிக்கச் சொல்ல நீதிமன்றங்கள் முன்வருவதில்லை; மீறியதற்கு எவ்வளவு பணம் என்றுதான் பார்க்கும். ஆகவே ஒப்பந்தங்களுக்கு மூன்று பிடிதான்: முன்னறிவிப்புக் காலம், விலகல் கட்டணம், டிவி உரிமை. முதலாவது மிகத் தளர்வானது. பிக் ஈஸ்ட் என்ற கான்ஃபரன்ஸின் அப்போதைய விதிப்படி 27 மாதம் முன்பே சொல்ல வேண்டியிருந்தது. அதன் உறுப்பினரான வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகம் 20 மில்லியன் டாலருக்குச் சமரசம் பேசி 2012இலேயே பிக் 12 என்ற வேறு கான்ஃபரன்ஸுக்குப் போய்விட்டது.

கேள்வி: அப்படியானால் விலகல் கட்டணத்தை யாராலும் கட்ட முடியாத அளவுக்கு உயர்த்திவிடலாமே, ஐயா?

பதில்: அங்கேதான் சிக்கல். முன்கூட்டியே நிர்ணயித்த இழப்பீடு, உண்மையான இழப்பின் நியாயமான மதிப்பீடாக இருக்க வேண்டும். மிரட்டுவதற்கென்றே வைத்த தொகை என்று தெரிந்தால் அது தண்டனை. நீதிமன்றம் செல்லாது என்று சொல்லக்கூடும். ஏசிசி (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) 2012இல் கட்டணத்தைத் தன் ஆண்டுச் செலவுத் திட்டத்தின் மூன்று மடங்காக, சுமார் 52 மில்லியனாக உயர்த்தியது. எதிர்த்து வாக்களித்த உறுப்பினரான மேரிலாந்து சில வாரங்களிலேயே பிக் டென் கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்தது. அந்தக் கட்டணத்தின் மீதான வழக்கு 2014இல் சுமார் 31 மில்லியனில் சமரசமாக முடிந்தது.

கேள்வி: கிராண்ட் ஆஃப் ரைட்ஸ் (உரிமை ஒப்படைப்பு) என்கிறார்களே, அது இதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

பதில்: மேரிலாந்து போவதாக அறிவித்த பிறகு 2013இல் ஏசிசி கையில் எடுத்தது இதைத்தான். விலகினால் பணம் தருகிறேன் என்ற வாக்குறுதி இல்லை இது. தன் சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையை, குறித்த காலம்வரை கான்ஃபரன்ஸுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடுவது. அணி வெளியேறினாலும் உரிமை பின்னாலேயே தங்கிவிடும். வீட்டைக் காலி செய்யலாம், பட்டா மட்டும் இன்னொருவர் பெயரில். புதிய கான்ஃபரன்ஸுக்கு அந்த ஆட்டங்களை விற்க வழியில்லை என்றால் அது ஏன் டிவி வருமானத்தில் பங்கு கொடுக்கும்? இழப்பீடு என்ற பேச்சே இல்லாததால் தண்டனை என்ற வாதமும் எளிதில் எடுபடாது.

இருந்தும் இதையும் பணத்தால் தீர்த்திருக்கிறார்கள். டெக்சஸ், ஓக்லஹோமா இரண்டும் 2025வரை பிக் 12க்கு உரிமை கொடுத்திருந்தன. இருவருமாக 100 மில்லியன் விட்டுக்கொடுத்து, ஓராண்டு முன்னதாக 2024இல் எஸ்இசி கான்ஃபரன்ஸுக்குப் போனார்கள்.

கேள்வி: ஏசிசி உறுப்பினர்களான ஃபுளோரிடா ஸ்டேட், கிளெம்சன் வழக்குகளில் யார் ஜெயித்தார்கள்?

பதில்: தீர்ப்பே வரவில்லை. 2016இல் ஏசிசியின் உரிமை ஒப்படைப்பை 2036வரை நீட்டித்ததுதான் சண்டையின் வேர். 2023 டிசம்பரில் ஏசிசி, ஃபுளோரிடா ஸ்டேட் மீது வட கரோலினாவில் வழக்குப் போட்டது. மறுநாளே ஃபுளோரிடா ஸ்டேட் ஏசிசி மீது தன் மாநிலத்தில் போட்டது. எந்த மாநில நீதிமன்றம் என்பதே பாதிப் போர். 2024 மார்ச்சில் கிளெம்சன் தென் கரோலினாவில் சேர்ந்துகொண்டது. 2025 மார்ச்சில் சமரசம்: 2025-26இல் விலகினால் 165 மில்லியன்; ஆண்டுக்கு 18 மில்லியன் குறைந்து 2030-31இல் 75 மில்லியனில் நிற்கும். முக்கியமான வரி இது: அந்தப் பணத்தைக் கட்டினால் ஒளிபரப்பு உரிமையும் கூடவே வரும். என் பார்வையில், அசைக்க முடியாதது என்று சொல்லப்பட்ட ஆவணம் அன்றே விலைப்பட்டியலாகிவிட்டது.

கேள்வி: பேக்-12 கான்ஃபரன்ஸ் மட்டும் ஏன் ஒரேயடியாகக் கலைந்தது?

பதில்: அவர்களின் உரிமை ஒப்படைப்பும் டிவி ஒப்பந்தமும் 2024இல் ஒன்றாகவே முடிந்தன. புதிய டிவி ஒப்பந்தம் கைகூடவில்லை. பத்து உறுப்பினர்கள் கிளம்பினார்கள். ஆனால் விலகுவதாக அறிவித்தவர் நிர்வாகக் குழுவில் இடத்தை இழப்பார் என்ற விதி ஒன்று இருந்தது. அதை வைத்தே மிஞ்சிய ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் 2023இல் வாஷிங்டன் மாநில நீதிமன்றத்தில் கான்ஃபரன்ஸின் கட்டுப்பாட்டைப் பெற்றன. யாரும் பெரிதாகப் பார்க்காத அந்த விதிதான் மிஞ்சியவர்களைக் காப்பாற்றியது.

கேள்வி: புதிதாக ஒப்பந்தம் எழுதுபவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: உரிமை ஒப்படைப்பு, டிவி ஒப்பந்தம் இரண்டின் முடிவுத் தேதியையும் பொருத்துங்கள். விலகிய பிறகு நடக்கும் ஆட்டங்களும் அடங்குமா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். "உறுப்பினராக இருக்கும்வரை" என்ற சொல் எங்காவது நுழைந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும். கட்டணம் எந்தக் கணக்கில் வந்தது என்பதைக் கூட்டக் குறிப்பில் பதியுங்கள். வழக்கு எந்த மாநிலத்தில் என்பதையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால், மாநிலத்தின் மீது வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பை அது பின்னர் எழுப்பும். அதற்கும் ஒரு பிரிவு தேவை.