முதலாளிக்கு இரங்கல்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் நூற்பாலை முதலாளி ஒருவர் காலமாகிவிட்டார். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் கட்டிக்கொடுத்தவர். நினைவு மலருக்கு என்னிடமும் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். வந்திருக்கும் இரங்கல் கடிதங்களைப் புரட்டினால் எல்லாமே கர்ணன், வள்ளல், ஈடு செய்ய முடியாத இழப்பு. சாக்லேட் கம்பெனி கேட்பரி போன்ற, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த முதலாளிகளைப் பற்றி நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள். அவர்களுக்கும் இப்படித்தான் எழுதுவார்களா? நான் என்ன எழுதட்டும்?

ரா.

அன்புள்ள ரா.,

புகழ்மாலை இல்லாத ஊர் எது? குவேக்கர்களும் மனிதர்கள்தானே. ஆனால் அவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒருவர் இறந்தால் அவரை அறிந்தவர்கள் கூடி மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். சொல்லத் தோன்றுகிறவர் எழுந்து சொல்லலாம். தலைமை உரை, பேச்சாளர் பட்டியல் எதுவும் கிடையாது. சிலரைப் பற்றிச் சபை பிறகு ஒரு சாட்சியமும் எழுதிவைக்கும். அந்த வாழ்க்கையில் கடவுளின் அருள் எப்படி வேலை செய்தது என்று சொல்வதுதான் நோக்கம். ஆளை உயர்த்திவைப்பது அல்ல.

ஜார்ஜ் கேட்பரி 1922 அக்டோபரில் 83 வயதில் இறந்தார். 1861இல் அண்ணன் ரிச்சர்டோடு சேர்ந்து, நொடித்துக் கிடந்த அப்பாவின் கொக்கோ வியாபாரத்தை ஏற்றவர். 1879இல் தொழிற்சாலையை இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துக்கு வெளியே போர்ன்வில்லுக்குக் கொண்டுபோனார். பக்கத்தில் தோட்டத்தோடு வீடுகள் கட்டினார், தன் ஆட்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாமல். 1900இல் 313 வீடுகளையும் நிலத்தையும் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். இதெல்லாம் கல்வெட்டில் வரும். எனக்குப் பெரிதாகப் படுவது அவருடைய ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. செவர்ன் தெருவில் இருந்த முதியோர் பள்ளியில், எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிகளுக்கு ஏறத்தாழ 50 ஆண்டுகள் காலையிலேயே போய்ப் பாடம் எடுத்திருக்கிறார். அங்கே எழுத்துக்கூட்டிப் படித்த ஒருவர் தன் கைப்பட இரண்டு வரி எழுதினால், மேயரின் நான்கு பக்கக் கடிதம் அதன் பக்கத்தில் நிற்காது.

அதியமான் இறந்தபோது ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டைப் பாருங்கள். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே என்றுதான் ஆரம்பிக்கிறார். வீரம் எல்லாம் அப்புறம். (போர்ன்வில்லில் மதுக்கடைக்கே இடம் தராத கேட்பரி இந்த உதாரணத்தை ரசித்திருக்க மாட்டார்.)

இரங்கல் கடிதத்தில் யாரும் எழுத விரும்பாத பக்கமும் கேட்பரிக்கு உண்டு. கம்பெனி வாங்கிய கொக்கோவில் கணிசமான பங்கு அப்போது போர்ச்சுக்கலின் பிடியில் இருந்த சாவோ தோமே தீவிலிருந்து வந்தது. அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் அங்கே அடிமைகளாக உழைத்தார்கள். 1901இலேயே கம்பெனி காதுக்கு இது எட்டிவிட்டது. விசாரித்தார்கள், ஆள் அனுப்பினார்கள், போர்ச்சுக்கலோடு பேசினார்கள். 1909 வரை வாங்கிக்கொண்டும் இருந்தார்கள். அதே காலத்தில் கேட்பரியின் டெய்லி நியூஸ் பத்திரிகை, தென்னாப்பிரிக்காவில் சீனக் கூலிகளை நடத்தும் விதத்தைக் கண்டித்து எழுதியது. ஸ்டாண்டர்ட் பத்திரிகை இந்த முரணைக் குத்திக்காட்டியது. கேட்பரி கம்பெனி அவதூறு வழக்குப் போட்டது. 1909 டிசம்பரில் ஜூரி கேட்பரி பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. நஷ்டஈடு? ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. வழக்கில் ஜெயித்தவரை இதைவிட நன்றாக அவமானப்படுத்த முடியாது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இந்தக் கால் பென்னியை அழித்துவிடாது என்பது என் கட்சி. கால் பென்னிக்காக வகுப்பைப் பொய் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது.

சரி, உங்கள் கட்டுரைக்கு வருவோம். பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நீங்கள் ஆலையில் ஷிப்ட் பார்த்தவர்கள் இரண்டு பேரைத் தேடிப் பேசுங்கள். கூலி உயர்வு கேட்டபோது என்ன சொன்னார், விபத்தில் கை போனவர் வீட்டுக்கு வந்தாரா என்று கேளுங்கள். நல்லதோ கெட்டதோ, அவர்கள் சொன்னபடியே போடுங்கள். துக்க வீட்டுக்கு நேராக அனுப்பும் கடிதம் வேறு. அங்கே ஆறுதல் போதும். மலர் ஊர் படிப்பதற்கு. மலர்க் குழு வெட்டிவிட்டால் எனக்கு அனுப்பிவையுங்கள், இங்கே முழுசாகப் போடுகிறேன்.