இடாப்பில் ஏறாத பெயர்கள்

அன்புள்ள அண்ணா,

மக்கள்தொகைப்படி ஆசனங்களைப் பிரித்தால் இந்திய நாடாளுமன்றத்தில் தங்கள் பங்கு குறைந்துவிடும் என்று தமிழ்நாட்டில் கொதிக்கிறார்கள். சனம் கூடின இடத்துக்குக் கூடின ஆசனம் என்பதுதானே நியாயம்? திருகோணமலையில் இருக்கிற எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

வாசகர் ஒருவர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்கும் நியாயத்தை நான் மறுக்கவில்லை. பாட்னாவில் ஒரு பெண் போடும் வாக்கு மதுரையில் போடும் வாக்கை விட இளைத்ததாக இருக்கக் கூடாது.

ஆனால் கணக்கு எங்கே தொடங்கியது என்று பாருங்கள். 1971இல் இன்றைய பீகாரின் எல்லைக்குள் 4.21 கோடிப் பேர், தமிழ்நாட்டில் 4.12 கோடிப் பேர். கிட்டத்தட்டச் சமம். அந்தக் கணக்கின்படி மக்களவை ஆசனங்கள் பீகாருக்கு 40, தமிழ்நாட்டுக்கு 39. 2011இல் பீகார் 10.41 கோடி, தமிழ்நாடு 7.21 கோடி. ஆசனங்கள் அசையவில்லை. சிறு குடும்பம் என்று டில்லி சொன்னதைச் செய்துகாட்டிய மாநிலங்கள் அதனாலேயே நட்டப்படக் கூடாதென்று, 1976இல் இந்திய அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் அந்த எண்ணிக்கையை நிறுத்திவைத்தது. 2001இல் 84ஆவது திருத்தம், 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டியது. அந்தப் பூட்டு விழுவதற்கு முன்பே, 1967இல், தமிழ்நாட்டின் 41 ஆசனங்கள் 39 ஆகிவிட்டிருந்தன. அங்குள்ளவர்களின் பயம் வெறும் பயமல்ல.

பிள்ளைப்பேறு குறைந்தது அதட்டலால் மட்டுமல்ல. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், கல்யாணம் பிந்தியது, பெற்ற பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை தாய்மாருக்கு வந்தது. 2019-21 குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாகத் தமிழ்நாட்டில் 1.8 பிள்ளைகள், பீகாரில் 3.0. பீகார்த் தாயின் மேல் இதில் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. அவளுக்குப் பள்ளிக்கூடமும் மருத்துவிச்சியும் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தன.

எங்களுக்கு இதில் என்ன என்று கேட்டீர்கள். இலங்கை நாடாளுமன்றத்தில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனம். 2015இல் 7. 2024இல் 6. அங்கே சனம் குறைந்தது சிறு குடும்பத்தால் மட்டுமா? யுத்தம் தின்றது பாதி, கப்பலும் விமானமும் கொண்டுபோனது மீதி. எங்கள் வீட்டுக்குக் கிராம சேவகர் வாக்காளர் இடாப்புப் படிவத்தைக் கொண்டுவரும்போதெல்லாம் அம்மா முதலில் எழுதுவது கனடாவில் இருக்கிற பெரியண்ணாவின் பெயரை. "அம்மா, அவர் இங்க இல்லையே" என்று கிராம சேவகர் தணிந்த குரலில் சொல்வார். அம்மா கோடு போட்டு வெட்டுவார். எங்கள் ஒழுங்கையில் அப்படி வெட்டின பெயர்கள் எத்தனையோ. ஏன் வெட்டினோம் என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது.

எங்கள் நாட்டு முறையில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. மாவட்டங்களுக்குப் பிரிக்கும் 196 ஆசனங்களில் 160 வாக்காளர் தொகைப்படி போகும். மீதி 36, மாகாணத்துக்கு 4 வீதம், சனத்தைப் பாராமல் போகும். சுதந்திரம் கிடைத்தபோது எங்களுக்கிருந்த சோல்பரி அரசியல் யாப்பும் 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்றதோடு ஆயிரம் சதுர மைல் நிலத்துக்கும் ஓர் ஆசனம் வைத்தது. தலைக்கணக்கோடு வேறொன்றையும் சேர்த்து நிறுக்கலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. இந்தியாவும் அப்படியொரு நிலையான பங்கை யோசிக்க வேண்டும் என்பேன்.

திருகோணமலைக்கு 4 ஆசனம். அந்த 160இல் எங்களுக்கு எத்தனை என்பது இடாப்பைப் பொறுத்தது. உங்கள் வீட்டில் பதினெட்டு நிரம்பிய பிள்ளை இருந்தால் பெயர் ஏறிவிட்டதா என்று கிராம சேவகரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
அண்ணா