சைகடெலிக் மூலிகை ரிட்ரீட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: "அயாவாஸ்கா, சைலோசைபின் காளான் போன்ற, மனநிலையையே மாற்றும் பொருட்களை வழிகாட்டிகளின் மேற்பார்வையில் தரும் ரிட்ரீட்டுக்கு (தங்கும் முகாமுக்கு) போகலாமா என்று யோசிக்கிறேன். இணையத்தில் தேடினால் எல்லா இடமும் ஒன்றுபோலவே தெரிகிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது?"

நான் ஒருமுறை பெருவுக்குப் போய் அயாவாஸ்கா என்ற மூலிகைக் கஷாயத்தைக் குடித்துவிட்டு வந்தவள். போன அதே இடம் அதற்கு ஒரு வருடம் முன்பு என்னை "இப்போது வராதீர்கள்" என்று திருப்பி அனுப்பியிருந்தது. அதனால்தான் அவர்களிடமே போனேன்.

ஆரம்பத்தில் நானும் படம் பார்த்துத்தான் தேடினேன். ஆற்றங்கரை, ஓலைக்கூரை, ஊஞ்சல். பிடித்துப்போன ஒரு இடத்துக்கு எழுதினால் பத்தே நிமிடத்தில் பதில்: முன்பணம் இவ்வளவு, இந்தக் கணக்கில் போடுங்கள். அப்போது மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். "ஒரு வாரம் முன்னால் நிறுத்திவிடுங்கள், போதும்" என்று பதில் வந்தது. கூடவே ஒரு பூ எமோஜி.

இரண்டாவது இடம் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. நான்கு பக்கப் படிவம் அனுப்பினார்கள். அதை நிரப்பிக் கொடுத்த பிறகு ஒரு செவிலியர் வீடியோ காலில் முக்கால் மணி நேரம் குடைந்தெடுத்தார். இரத்த அழுத்தம், வலிப்பு, பழைய அறுவை சிகிச்சை, அப்பா அம்மா வழியில் யாருக்காவது மனச்சிதைவோ இருதுருவ நோயோ உண்டா, கடைசியில் "இருமல் வந்தால் என்ன சிரப் குடிப்பீர்கள்?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

ஏன் கேட்டார் என்பது பிறகுதான் புரிந்தது. அயாவாஸ்கா ஒரே செடியின் கஷாயம் இல்லை. சக்ருனா என்ற இலையில் டிஎம்டி என்ற, காட்சிகளைத் தோன்றவைக்கும் வேதிப்பொருள் இருக்கிறது. அதை மட்டும் காய்ச்சிக் குடித்தால் ஒன்றும் நடக்காது. குடலிலும் கல்லீரலிலும் உள்ள மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். கூடச் சேர்க்கும் காப்பி என்ற கொடியில் (நம் காபி இல்லை) ஹார்மின், ஹார்மலின் என்ற வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவைதான் அந்த நொதியைச் செயலிழக்க வைத்து டிஎம்டிக்கு வழிவிடுகின்றன. சிக்கல் என்னவென்றால், மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளைச் சிதைப்பதும் இதே நொதிதான். செரட்டோனினைக் கூட்டும் மாத்திரை ஏற்கெனவே உடம்பில் இருக்கும்போது இந்தக் கஷாயமும் சேர்ந்தால் காய்ச்சல், தசை விறைப்பு, நெஞ்சுப் படபடப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். மனச்சோர்வு மாத்திரைகள் மட்டுமல்ல, டிரமடால் என்ற வலி மாத்திரையும், பல இருமல் சிரப்புகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் இதில் சேர்த்தி. ஃப்ளூக்செடின் என்ற மனச்சோர்வு மாத்திரை உடம்பை விட்டு முழுதாகப் போக ஐந்து வாரம் வரை ஆகும். "ஒரு வாரம் போதும்" என்று பூப்போட்டுச் சொன்னவர் நான் எத்தனை மில்லிகிராம் சாப்பிடுகிறேன் என்றுகூடக் கேட்கவில்லை!

செவிலியர் சொன்னது இதுதான்: "மாத்திரையை நிறுத்தச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. உங்கள் மருத்துவர் குறைத்து நிறுத்தலாம் என்றால், நிறுத்திய பிறகும் நீங்கள் நன்றாக இருந்தால், அப்போது பேசுவோம்." கோபம் வந்தது, உண்மைதான். என் மருத்துவர் நான்கு மாதத்தில் படிப்படியாகக் குறைத்தார். சோர்வு திரும்பியிருந்தால் மாத்திரைதான், பெரு இல்லை என்று எங்களுக்குள் பேச்சு. ரிட்ரீட்டுக்காக யாரும் தானாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

எந்த மூலிகை என்பதைப் பொறுத்து ஆபத்தும் மாறும். சைலோசைபினில் அந்தக் கொடி விவகாரம் இல்லை, ஆனால் லித்தியம் (இருதுருவ நோய்க்கான மருந்து) சாப்பிடுபவர்களுக்கு வலிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கடந்த 30 நாளில் லித்தியம் எடுத்தவர்களை, சைலோசைபின் தர உரிமம் பெற்ற மையங்கள் சேர்க்கக் கூடாது. இபோகா என்ற ஆப்பிரிக்கச் செடி இதயத்துடிப்பின் தாளத்தையே குலைக்கக்கூடியது, இறந்தவர்கள் இருக்கிறார்கள். ஈசிஜி எடுக்காமல் இபோகா தருகிறேன் என்பவரிடம் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் பாருங்கள். பெரு 2008-ல் அயாவாஸ்காவின் மரபுப் பயன்பாட்டைத் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. நெதர்லாந்து அதே 2008-ல் சைலோசைபின் காளானைத் தடை செய்தது, ஆனால் அதே சைலோசைபின் உள்ள, மண்ணுக்கடியில் விளையும் டிரஃபிளை விட்டுவைத்தது. அதனால் அங்கே நடப்பவை டிரஃபிள் ரிட்ரீட்டுகள். ஓரிகனில் 2020 வாக்கெடுப்புக்குப் பிறகு 2023-ல் மையங்கள் திறந்தன, 21 வயது நிறைந்திருக்க வேண்டும். பெரும்பாலான நாடுகளில் இவை குற்றம். நினைவாகக் கொஞ்சம் பையில் போட்டு வரலாம் என்று கனவிலும் நினைக்க வேண்டாம்.

நான் அவர்களிடம் திருப்பிக் கேட்டவை: கஷாயத்தை யார் காய்ச்சுகிறார்கள், அதில் தோயே சேர்ப்பதுண்டா? (தோயே ஊமத்தைக்கு உறவான பூச்செடி. சிலர் காட்சிகள் கூடட்டும் என்று சேர்ப்பார்கள். புத்தி தடுமாற வைக்கும், விஷம்.) இரவில் கஷாயம் குடிக்காமல் தெளிவாக இருப்பவர்கள் எத்தனை பேர்? அருகில் உள்ள மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம், அதில் படகு எவ்வளவு, ரோடு எவ்வளவு? பெண் உதவியாளர் உண்டா? சடங்கின்போது யாரெல்லாம் என்னைத் தொடலாம், எங்கே? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், குறிப்பாகப் பெண்கள். மயக்க நிலையில் இருப்பவர்களிடம் குருக்களும் வழிகாட்டிகளும் அத்துமீறியது இந்த உலகத்தில் அடிக்கடி வெளிவந்த செய்தி. "இங்கே அப்படியெல்லாம் நடக்காது, நம்புங்கள்" என்பது பதில் அல்ல. எனக்குக் கிடைத்தது எழுதி வைத்த விதிமுறை. கை, தோள் தவிர வேறெங்கும் தொடுவதில்லை, அதுவும் கேட்ட பிறகுதான்.

கூடுதல் பணத்துக்குக் "கம்போ" என்று தோலில் சூடு போட்டு அதில் தவளைச் சுரப்பைத் தடவும் சடங்கையும் சேர்த்து விற்கும் இடங்கள் உண்டு. அதிலும் சாவுகள் நடந்திருக்கின்றன. நான் தொடவில்லை.

சடங்கு இரவைப் பற்றி ஒன்று மட்டும். மலோக்கா என்ற வட்டக் குடிலில் கும்மிருட்டு, ஆளுக்கொரு மெத்தை, ஆளுக்கொரு வாளி (பெரும்பாலும் வாந்தி வரும்). ஷிபிபோ என்ற பழங்குடியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் மப்பாச்சோ என்ற புகையிலையின் புகையை ஊதிவிட்டு, இக்காரோ என்ற சடங்குப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். நடுவில் எதிர்ப்பக்கத்து ஆள் சட்டென்று எழுந்து வெளியே நடந்தார். உதவியாளர் கத்தவில்லை, பிடித்து நிறுத்தவும் இல்லை. சிவப்பு டார்ச்சைத் தரையைப் பார்த்து அடித்தபடி இரண்டடி பின்னால் போனார். ஒரு மணி நேரம் கழித்து இருவரும் அதேபோல் திரும்பி வந்தார்கள். நான் விசாரித்துத் தெரிந்துகொள்ள முயன்றதெல்லாம் அந்த இரண்டடியைத்தான்.

வந்தபின் என்ன என்பதையும் கேட்டு வையுங்கள். எனக்கு முதல் வாரம் மிதப்பு, மூன்றாம் வாரம் காரணமில்லாத அழுகையும் தூக்கமின்மையும். சொன்ன தேதியில் அவர்களே அழைத்தார்கள். அதே செவிலியர். "சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா, உங்கள் மருத்துவரைப் பார்த்தீர்களா?" பார்க்கவில்லை என்றேன். மறுநாளே நேரம் வாங்கச் சொன்னார், வாங்கினேன்.