வாசகர் கேள்வி: ஊர்ப் பள்ளிக்கூடம் எந்த ஆண்டில் தொடங்கியது?

கேள்வி: எங்கள் ஊர்ப் பாடசாலையின் பெயர்ப்பலகையில் 1921 என்றிருக்கிறது. கல்வித் திணைக்களக் கோப்பில் 1926. பழைய மண்டபச் சுவரில் பதித்த கல்லில் ‘துன்மதி வருஷம் தை மாதம்’ என்று வெட்டியிருக்கிறார்கள். பழைய மாணவர் சங்கம் 2026ஐ நூற்றாண்டாக வைத்து மலர் போட நிற்கிறது. எதை நம்புவது? எங்கே தேடுவது?
– சங்கச் செயலாளர், வடமராட்சி

பதில்: முதலில் கல்லைப் பாருங்கள். துன்மதி 1921 சித்திரையில் பிறந்து 1922 பங்குனியில் முடிந்த வருஷம். ஆகவே அந்த வருஷத்துத் தை 1922 ஜனவரி நடுப்பகுதியில்தான் வரும். வருஷப் பெயரை மட்டும் பஞ்சாங்கத்தில் பார்த்து, மாதத்தைக் கவனியாமல் விட்டவர்கள் 1921 என்று எழுதியிருக்கலாம். தை, மாசி, பங்குனி என்று வரும் எந்தக் கல்லிலும் இந்த ஓராண்டுப் பிசகைச் சந்தேகியுங்கள். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்புவதால் 1862, 1982 என்பவையும் கணக்கில் வரும். மண்டபம் 1982க்கு முன்பே இருந்ததென்று ஊரில் மூத்தவர்கள் சொல்வார்கள், 1862ஐத் தள்ளக் கட்டடமே போதும். இன்னொன்று: கல்லில் முழு வாசகத்தையும் படியுங்கள். அத்திவாரமிட்ட நாளா, மண்டபம் திறந்த நாளா, காணி தந்த நாளா? கல் பெரும்பாலும் கட்டடத்தின் வயதைத்தான் சொல்லும். கோயில் மடத்திலோ ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ படிப்பு அதற்கு முன்பே நடந்திருக்கும்.

1926க்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அரசாங்க நன்கொடை கிடைத்துப் பதிவான ஆண்டாக இருக்கலாம். அல்லது 1923இல் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கம் நிர்வாகத்தைப் பொறுப்பேற்ற ஆண்டாக இருக்கலாம். மிஷன் பாடசாலை என்றால் அமெரிக்க மிஷன், வெஸ்லியன் மிஷன், சர்ச் மிஷன் ஆகியவற்றில் எதைச் சேர்ந்தது என்று முதலில் உறுதிசெய்யுங்கள். ஆவணம் அந்தந்தச் சபையின் வழியில் போயிருக்கும். உதவி பெறும் பாடசாலைகளை அரசு 1960–61இல் பொறுப்பேற்றபோது பெயர்கள் பல மாறின. ‘சைவப்பிரகாச வித்தியாசாலை’ ‘அ.த.க. (அரசினர் தமிழ்க் கலவன்) பாடசாலை’ ஆகியிருந்தால், இன்றைய பெயரைக் கொண்டு பழைய அறிக்கையில் தேடி எதுவும் கிடைக்காது.

பிறகு அதிபரிடம் அனுமதி பெற்றுச் சேர்விடாப்பையும் (பிள்ளைகளைச் சேர்த்த பதிவேடு) சம்பவத்திரட்டுப் புத்தகத்தையும் (அன்றாட நிகழ்வுக் குறிப்பேடு) பாருங்கள். முதலாம் இலக்கத்தின் திகதியோடு நின்றுவிட வேண்டாம். அன்றே மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்குப் பிள்ளைகள் சேர்க்கப்பட்டு, முன்பு படித்த பாடசாலைக்குரிய இடம் வெறுமையாக இருந்தால், இடாப்புத் தொடங்கும் முன்னரே அங்கே வகுப்பு நடந்தது என்று கொள்ள நியாயமுண்டு. ஒரே மையில், ஒரே கையெழுத்தில் பல ஆண்டுப் பதிவுகள் இருந்தால் அது பின்னாளில் பிரதி பண்ணிய இடாப்பு. இடப்பெயர்வுக்குப் பிறகு அப்படி எழுதியவை உண்டு.

அச்சில் தேடுவதென்றால், 1981 ஜூன் தொடக்கத்தில் எரிந்துபோன யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இருந்த ஏறத்தாழ 97,000 நூல்களோடு இந்த மாவட்டத்துப் பத்திரிகைக் கோவைகளும் போயின. அதனால் ஓரிடத்தில் எல்லாம் கிடைக்காது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகம், கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம், இணையத்தில் 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் ஆகிய மூன்றையும் பாருங்கள். உங்கள் காலத்துக்கு ‘இந்து சாதனம்’ பத்திரிகை (1889இல் தொடங்கியது) முதன்மையானது. ‘ஈழகேசரி’ 1930இல்தான் வந்தது, பின்னோக்கி எழுதிய செய்திகளுக்கு மட்டும் உதவும். இணையத்தில் உள்ளவற்றில் பல பக்கப் படங்கள். உள்ளே இருக்கும் சொல் தேடலில் அகப்படாது. தலைப்பு, ஆண்டு கொண்டு திறந்து பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். ஊர்ப் பெயரை எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள்: தெல்லிப்பழை, தெல்லிப்பளை இரண்டும் இருக்கின்றன.

பலர் மறப்பது வீடுகளில் கிடக்கும் நினைவு மலர்களை. அந்தியேட்டிக்கு (இறந்தவருக்கான சடங்கு) அச்சடித்துக் கொடுத்த ‘கல்வெட்டு’ என்னும் நினைவு நூல்களில் முதல் தலைமையாசிரியர், முகாமையாளர், காணி தந்தவர் பெயர்கள் ஆண்டோடு வரும். புகழுரையைத் தள்ளி வம்சாவளிப் பக்கத்தைப் படியுங்கள். கும்பாபிஷேக மலர்களும் அப்படியே. வாசிகசாலையில் ஓர் அறிவித்தல் போட்டால் நாற்பது ஐம்பதாவது வரும்.

மலரில் தொடங்கிய ஆண்டு, பதிவான ஆண்டு இரண்டையும் ஆதாரத்தோடு அச்சிடுங்கள். 2026ஐப் பதிவு பெற்ற நூற்றாண்டாகக் கொண்டாடலாம், அது நிரூபணமானால். விழாவுக்கு வசதி என்று தொடக்க ஆண்டைத் தள்ளி வைப்பது, அதற்கு முன் சம்பளமின்றிப் படிப்பித்தவர்களை ஊரின் வரலாற்றிலிருந்தே எடுத்துவிடும்.

கேள்வி: பாடசாலை அலுமாரியில் எடுத்த 1930களின் இடாப்பை இராமபாணம் அரித்திருக்கிறது. லமினேற் பண்ணலாமா?
– ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: வேண்டவே வேண்டாம். சூட்டில் பிளாஸ்ரிக் தாளோடு உருகி ஒட்டிவிடும். பிறகு பிரிக்க முடியாது. செலோரேப்பும் கூடாது: சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கும். பொலித்தீன் பையில் கட்டினால் ஈரம் உள்ளே நின்று பூஞ்சணம் பிடிக்கும்.

காற்றோட்டமான நிழலில், மெல்லிய தூரிகையால் தைத்த பக்கத்திலிருந்து வெளிநோக்கித் துடையுங்கள். ஒட்டிய தாள்களைப் பிரிக்க முயல வேண்டாம். கட்டுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுங்கள்: ஃபிளாஷ் இல்லாமல், இரு பக்கமும் சரிந்த வெளிச்சத்தில், கமரா தாளுக்கு நேர் மேலே. வெற்றுப் பக்கத்தையும் விட வேண்டாம். விட்டால் பக்கம் தொலைந்ததா, வெறுமையா என்று பின்னர் தெரியாது. கோப்புப் பெயரில் இடாப்பின் ஆண்டும் பக்க எண்ணும் இருக்கட்டும். ஒரு பிரதி பாடசாலையில், ஒன்று வேறோர் ஊரில். மூலத்தைத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சுவரில் முட்டாத அலுமாரித் தட்டில், நிலத்திலிருந்து உயர வையுங்கள். கறையான் சுவர் வழியாக ஏறும்.

கேள்வி: மகனுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கிடைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை பார்க்கலாமா?
– தாயார், மட்டக்களப்பு

பதில்: முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் ஆகிய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. திருநெல்வேலியிலிருந்து நாள்தோறும் போய்வருவது சிரமமான தூரம். விடுதி விபரத்தைப் பீட அலுவலகத்தில் கேட்டபிறகு, தேவைப்பட்டால் கிளிநொச்சியில் தேடுங்கள்.