கூட்டம் இல்லாத கிரேக்கத் தீவு வேண்டுமா? அமோர்கோஸ் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி: நானும் மனைவியும் செப்டம்பரில் 10 நாள் கிரீஸ் போக நினைக்கிறோம். சாண்டோரினி தீவின் கூட்டம் எங்களுக்கு ஒத்துவராது. நடக்க மலை, குளிக்கக் கடல், பார்க்கப் பழைய ஊர், மூன்றும் ஒரே தீவில் வேண்டும். இருவரும் சைவம். எங்கே போகலாம்? எங்கெல்லாம் சிக்கல் வரும்?

பதில்: அமோர்கோஸ் போங்கள். சைக்ளாடிஸ் தீவுக்கூட்டத்தின் கிழக்கு ஓரத்தில், ஏறத்தாழ 33 கி.மீ. நீளத்துக்கு ஒல்லியாகக் கிடக்கும் மலைத்தீவு இது. ஊர்க்காரர்கள் சுமார் 2,000 பேர்தான். விமான நிலையம் கிடையாது. தீவு கெடாமல் இருப்பதற்கு முதல் காரணமே அதுதான். உங்கள் பயணத்தில் சிக்கல் வந்தால் அதுவும் அங்கிருந்துதான் வரும். அதனால் அறையைத் தேடுவதற்கு முன் கப்பலைத் தேடுங்கள்.

ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து பெரிய கப்பலில் 7 முதல் 9 மணி நேரம் ஆகும். அதிவேகப் படகு சீக்கிரம் சேரும், ஆனால் விலை அதிகம், கடல் கொந்தளித்தால் முதலில் ரத்தாவதும் அதுதான். ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் 3-ஆம் தடம் நேராக பிரேயஸ் போகிறது, சுமார் ஒரு மணி நேரம். எக்ஸ்96 பேருந்தும் அங்கே இரவு பகலாக ஓடுகிறது. துறைமுகம் மிகப் பெரியது. டிக்கெட்டில் உள்ள நுழைவாயில் எண்ணைப் பார்க்காமல் பெட்டியை இழுத்துக்கொண்டு போனால் அரை மணி நேரம் வீண்.

பலர் சறுக்கும் இடம் இனிமேல்தான். அமோர்கோஸில் இரண்டு துறைமுகங்கள் உண்டு: நடுவில் கட்டாபொலா, வடக்கில் எகியாலி. சில கப்பல்கள் இரண்டிலும் நிற்கும், சில ஒன்றில் மட்டும். டிக்கெட்டை 'அமோர்கோஸ்' என்று மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, அறையை மறுமுனையில் போட்டால், நள்ளிரவில் இறங்கி 20 கி.மீ.க்கு மேல் மலைப்பாதையில் போக வேண்டியிருக்கும். டாக்சிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். கப்பல் பெயரையும் இறங்கும் நேரத்தையும் விடுதிக்கு முன்பே எழுதிவிடுங்கள். பெரும்பாலும் வீட்டுக்காரரே துறைமுகத்துக்கு வண்டியோடு வந்து நிற்பார்.

அடுத்தது காற்று. கோடையில் வடக்கிலிருந்து வீசும் மெல்தெமி ஜூலை, ஆகஸ்டில் உச்சத்தில் இருக்கும், செப்டம்பரில் தணியும், ஆனால் முற்றிலும் ஓய்வதில்லை. காற்றின் வேகம் பொஃபோர்ட் அளவுகோலில் 8-ஐத் தொட்டால் கடலோரக் காவல்துறை பெரும்பாலும் கப்பல்களைக் கட்டிப்போட்டுவிடும். சிறிய, வேகமான படகுகளுக்கு அதற்கும் குறைந்த காற்றிலேயே தடை வரும். இந்தத் தடைக்கு அங்கே 'அபகோரெஃப்திகோ' என்று பெயர். அந்தச் சொல் காதில் விழுந்தால் டிக்கெட் அலுவலகத்துக்குப் போய் அடுத்த கப்பலுக்கு மாற்றிக்கொள்ளலாம் அல்லது பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் தவறவிட்ட விமானத்துக்குக் கப்பல் நிறுவனம் பொறுப்பேற்காது. எனவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் ஏதென்ஸில் இரண்டு இரவு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 10 நாளில் போகும்போது ஏதென்ஸில் ஒரு இரவு, தீவில் ஆறு, திரும்பும்போது ஏதென்ஸில் இரண்டு. 'போகிற வழியில் நாக்சோஸ், பாரோஸ் தீவுகளையும் பார்த்துவிடலாமே' என்ற ஆசை இந்தக் கணக்கில் அடங்காது.

இரண்டு துறைமுகங்கள் இருப்பதை வசதியாகவும் ஆக்கிக்கொள்ளலாம். எகியாலியில் இறங்கி மூன்று இரவு, பிறகு தலைநகரான ஹோராவில் மூன்று இரவு, கிளம்புவது கட்டாபொலாவிலிருந்து. எகியாலியில் மணல் கடற்கரை ஊரை ஒட்டியே இருக்கிறது. மேலே மலையில் தோலாரியா, லங்கடா என்று இரண்டு ஊர்கள். எகியாலியிலிருந்து ஏறி, இரண்டையும் தொட்டுத் திரும்பும் கல்பாவிய பாதை சுமார் மூன்று மணி நேரம், முதல் நாளுக்கு அதுவே சரியான அளவு. ஹோரா கடலோரத்தில் இல்லை, மலைமேல் இருக்கிறது. வெள்ளைச் சுவர்கள், முகட்டில் வரிசையாகப் பழைய காற்றாலைகள். மாலையில் குளிரும், ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

இந்தத் தீவுக்கு வந்து நடக்காமல் திரும்புவது வீண். பழைய பாதைகள் எண் போட்டுப் பராமரிக்கப்படுகின்றன. முதலாம் எண்ணுள்ள 'பாலியா ஸ்த்ராத்தா' ஹோராவில் தொடங்கி, ஹோசோவியோடிஸ்ஸா மடத்தைத் தொட்டு, அஸ்ஃபோந்திலிட்டிஸ் என்ற கைவிடப்பட்ட சிற்றூர் வழியாக எகியாலியில் இறங்குகிறது. நான்கைந்து மணி நேரம். இந்தத் திசையிலேயே நடங்கள், ஏற்றம் குறைவு, பேருந்தில் திரும்பலாம். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று முதல் நாளே நிறுத்தத்தில் பார்த்துவிடுங்கள். அஸ்ஃபோந்திலிட்டிஸில் நின்று பாறைகளைக் கவனியுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் நடக்க இயலாத ஓர் இளைஞர் செதுக்கிய மனித உருவங்கள் அங்கே இருக்கின்றன. நிழல் கிடையாது. வழியில் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பாமல் ஆளுக்கு 3 லிட்டர் சுமந்து செல்லுங்கள். உருளும் கல்லும் முட்புதரும் இருப்பதால் செருப்பு ஆகாது. குறுக்கே ஆட்டுக்காகக் கட்டிய கம்பிக் கதவு வந்தால், கயிற்றை அவிழ்த்து நுழைந்து, அதே முடிச்சைத் திரும்பப் போடுங்கள். திறந்து விட்டுப் போனால் ஆடுகள் அடுத்தவர் நிலத்தில் மேயும்.

மடத்தைத் தனியாக ஒரு காலையில் பாருங்கள். கடலிலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் செங்குத்துப் பாறையில் வெள்ளைச் சுண்ணாம்பு அப்பியதுபோல ஒட்டிக்கொண்டிருக்கிறது. எட்டு அடுக்கு உண்டு, ஆனால் அகலம் அதிகபட்சம் 5 மீட்டர்தான். 1088-இல் பைசாந்தியப் பேரரசர் முதலாம் அலெக்சியோஸ் இதைப் புதுப்பித்தார். சாலையிலிருந்து சுமார் 300 படி ஏற வேண்டும். வாசல் தாழ்வானது, குனிந்துதான் நுழைய முடியும். மதியம் அடைத்துவிடுவார்கள், 11 மணிக்குள் போய்விடுங்கள். ஆண்களுக்கு முழுக்கால் சட்டை, பெண்களுக்குப் பாவாடை என்பது அங்குள்ள வழக்கம். சுடிதாருக்கு மேலும் துணி சுற்றிக்கொள்ளச் சொல்லலாம், ஒரு துப்பட்டா பையில் இருக்கட்டும். உள்ளே விருந்தினருக்குத் தண்ணீர், லூகூமி மிட்டாய், ஒரு சிறு கிண்ணம் 'ப்ஸிமேனி ராகி' தருவது மரபு. தேனும் பட்டையும் கிராம்பும் போட்டுக் காய்ச்சிய சாராயம் அது. மது வேண்டாதவர்கள் மிட்டாயோடு நிறுத்திக்கொள்ளலாம். கீழே இருக்கும் அயியா அன்னா கூழாங்கல் கடற்கரையில் அப்படியே குளித்துவிட்டு வரலாம்.

சாப்பாட்டில் தீவின் பெருமை ஆட்டுக்கறி உருளைக்கிழங்கான 'பததாதோ', அது உங்களுக்கு ஆகாது. ஆனால் 'ஃபாவா' இருக்கிறது. நம் பருப்புக் கடைசல் போலவே, மேலே வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும். 'ரெவீதியா' கொண்டைக்கடலை, 'ஹோர்தா' வேகவைத்த கீரை. எள்ளும் தேனும் சேர்ந்த 'பஸ்தேலி' எலுமிச்சை இலைமேல் வரும், கிட்டத்தட்ட எள்ளுருண்டை. இங்கே ஒரு கண்ணி உண்டு: 'நிஸ்தீசிமோ' என்றால் விரதச் சாப்பாடு, பாலும் முட்டையும்கூட இருக்காது, ஆனால் இறாலும் கணவாயும் அதில் அடங்கும். இலையில் சுற்றிய 'தோல்மாதேஸ்', அடைத்த தக்காளியான 'யெமிஸ்தா' இரண்டிலும் கொத்துக்கறி இருக்கலாம். 'ஹோரீஸ் க்ரேயாஸ், ஹோரீஸ் ப்ஸாரி' என்று கேளுங்கள், கறி இல்லாமல், மீன் இல்லாமல் என்று பொருள்.

குழாய் நீரைக் குடிக்க வேண்டாம். கழிப்பறைக் காகிதத்தைக் கூடையில்தான் போட வேண்டும், குழாய்கள் குறுகலானவை, அடைத்துக்கொள்ளும். 2025 தொடக்கத்தில் சாண்டோரினிக்கும் அமோர்கோஸுக்கும் இடைப்பட்ட கடலில் வாரக்கணக்கில் நிலம் அதிர்ந்தது. கிளம்பும் முன் செய்தியைப் பாருங்கள். கைபேசியில் அரசின் 112 அவசர எச்சரிக்கை வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள்.

கிரீஸ் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ, காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். செப்டம்பர் பயணத்துக்கு ஜூனிலேயே கொடுத்துவிடுங்கள், கோடையில் நேர்காணல் தேதி கிடைப்பது கடினம். ஸ்கூட்டர் எடுக்கும் எண்ணம் இருந்தால் ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் இருசக்கர வாகனப் பிரிவு பதிவாகியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.